ஒன்பதாம் அறையின் வாசல்

அந்த மருத்துவமனையில் எல்லாருக்கும் அவள் சீட்டு அக்கா. வருகிறவர் சொல்வதைக் கேட்டு, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக எழுதி, விரலில் காய்ப்பு விழுந்ததுதான் மிச்சம்.

அன்று காலைக் கூட்டத்தில் பெரிய டாக்டர் ஒரு கணக்கை வாசித்தார். மனநலம் பார்க்கும் ஒன்பதாம் அறைக்கு இந்த வருஷம் வந்த பெண்கள் நானூற்றுச் சொச்சம், ஆண்கள் மூன்றே பேர். "பொம்பளைங்களுக்கு மனத் தைரியம் பத்தாது, அவ்வளவுதான்" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்து வைத்தார்கள். சீட்டு அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? இந்த வருஷ ஆரம்பத்தில் மூச்சு வாங்குகிறது என்று அவள் போய் நின்றபோது, தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒன்பதுக்குத் தள்ளிவிட்டவரே இந்த மனுஷன்தான். நாலு மாதம் தூக்க மாத்திரை. கடைசியில் பார்த்தால் உடம்பில் பாதி ரத்தம்தான் இருந்தது. அந்த நானூற்றில் அவளும் ஒரு தலை.

பதினொரு மணிக்கு அவள் தம்பி வந்தான். பஸ் டிரைவர். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் நெஞ்சை அடைக்கிறது என்றான். இதயத்தைப் படம் எடுத்தார்கள், வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சீட்டு இரண்டையும் எழுதியவள் அவளேதான். இன்று ஆள் பாதியாகியிருந்தான்.

"மறுபடி படம் எடுக்கச் சீட்டு போடுக்கா. ரெண்டு மணிக்கு வண்டி எடுக்கணும்."

"தூங்குறியாடா?"

"எங்க..." குரலைத் தாழ்த்தினான். "பாலத்துல போறப்ப ஸ்டியரிங்க விட்டுடலாமான்னு தோணுதுக்கா. பின்னால அறுபது பேரு உக்காந்திருக்காங்க."

அவள் சீட்டில் ஒன்பது என்று எழுதி, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மகளிர் கட்டட வாசலில் காவல்காரர் குறுக்கே கையை நீட்டினார். "ஆம்பளைங்க உள்ள போகக்கூடாதும்மா."

ஆண்கள்தான் வருவதில்லையே என்று ஒன்பதாம் அறையை மகளிர் கட்டடத்துக்கு மாற்றினார்கள். வாசலில் காவலும் போட்டார்கள். இப்போது ஆண்கள் மூன்றே பேர் என்று கணக்கு வாசிக்கிறார்கள்! என்ன படிப்போ, என்ன மூளையோ!

"விடுக்கா, மானம் போகுது. எனக்கென்ன பைத்தியமா?" என்று தம்பி திமிறினான்.

"நீ வாய மூடு." காவல்காரர் பக்கம் திரும்பினாள். "இந்த வாசல்ல எத்தன ஆம்பளைங்கள திருப்பி அனுப்பினீங்கண்ணே? அதுல எத்தன பேரு உயிரோட இருக்காங்கன்னு தெரியுமா? இவன் வண்டியில நாளைக்கு உங்க புள்ளைங்க ஏறினா?"

நீட்டிய கை தானாக இறங்கியது.

உள்ளே பெஞ்சு நிறையப் பெண்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்கண்ணே." தம்பி உட்கார்ந்தான். உட்கார்ந்ததும், அப்பா செத்தபோதுகூட அழாதவன், முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். யாரும் சிரிக்கவில்லை.

ஒன்றரை மணிக்கு ஒன்பதாம் அறை டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தனியே விடாமல் அக்கா வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளைக்கும் வர வேண்டும்.

மறுநாள் காலை சீட்டு மேஜைக்கு முதல் ஆளாக வந்தவர் காவல்காரர். பெரிய டாக்டரிடம் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறார் என்று நினைத்து, நன்றாக நாலு கேட்க வாயைத் திறந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"எனக்கும் ஒன்பதுக்கு ஒரு சீட்டு போடும்மா."

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "எத்தன நாளாண்ணே?"

"என்னை அந்த வாசல்ல நிறுத்துறதுக்கு முன்னாடியிருந்தே" என்றார்.