பத்தாவது ஆள்

எஸ்ரா கெல்னரின் அம்மா இறந்து அன்றோடு பதினோரு மாதம். பெற்றவர்களுக்காகப் பிள்ளைகள் சொல்லும் காடிஷ் ஜெபத்தைப் பதினோரு மாதம்தான் சொல்வது எங்கள் வழக்கம். அன்று பொழுது சாய்வதற்குள் சொல்வதுதான் அவனுக்குக் கடைசி. பத்து யூதர்கள் கூடாமல் அதைச் சொல்லவும் கூடாது. அந்தப் பத்துப் பேரைத் தினமும் பிடித்துவருவது என் தலையில் விழுந்த வேலை.

முன்பெல்லாம் இது ஒரு வேலையே இல்லை. பல்கலைக்கழகத்தில் எங்கள் யூத மாணவர் இல்லத்துக்கு மாலையில் இருபது பேராவது வருவார்கள். பாதிப் பேர் சூப்புக்காக வருகிறவர்கள்தான், வந்தால் போதாதா? பிறகு யூத நாட்டில் போர் மூண்டது. ஒருநாள் எவனோ முன்கதவில் ‘போலந்துக்கே திரும்பிப் போங்கள்’ என்று பெயின்டால் எழுதிவைத்தான்.

"எங்க தாத்தா ஹங்கேரி. விலாசம் தப்பு," என்றான் எஸ்ரா. எல்லோரும் சிரித்தோம். மறுநாள் பதினான்கு பேர்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு, உள்ளே போகிறவர்களைப் படம் பிடித்துப் பெயரோடு இணையத்தில் போட ஆரம்பித்தார்கள். எண்ணிக்கை பத்தில் வந்து நின்றது.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. பின்கதவைப் பூட்டியது, முன்வாசலில் மார்வின் என்ற காவலாளியைப் போட்டது, ஊர்க்காரர்கள் உள்ளே வர இரண்டு நாள் முன்பே பெயர் கொடுக்க வேண்டும் என்றது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ஆள் குறைந்தால் ஓடிவரும் ஊர்ப் பெரியவர்களும் அத்தோடு நின்றுபோனார்கள்.

அன்று ஏழு மணிக்கு, அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி காய்ச்சல் என்று செய்தி அனுப்பினாள். நாங்கள் ஆட்களை எண் சொல்லி எண்ணமாட்டோம், பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தைத் தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்போம். இரண்டு தடவை சொன்னேன். கடைசிச் சொல்லுக்குத் தலை இல்லை. பொழுது சாய முப்பத்தெட்டு நிமிடம் இருந்தது.

ஆஷரைக் கூப்பிட்டேன். முதல் வருடம் எஸ்ராவோடு ஒரே அறையில் இருந்தவன். எஸ்ராவின் அம்மா குழியில் மண் தள்ளியவன். அந்தப் போரை எதிர்த்து முதல் வரிசையில் நின்று கத்துகிறவனும் அவன்தான். அவன் கத்துவதில் பாதி எனக்கும் சம்மதம்தான். ஆனால் அவனோடு வீடு எடுத்திருக்கும் ஏழு பேர், யூத இல்லத்தில் கால் வைக்கிறவனுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்திருந்தார்கள். ஜனவரியிலிருந்து அவன் வரவில்லை.

"பத்துப் பேர் சேரலடா. நீ வரணும்."

"தமர், இன்னொரு போட்டோ வந்துச்சுன்னா என் பெட்டியத் தூக்கி வெளிய வெச்சிருவாங்க."

"அப்ப இதுவரைக்கும் உன்னை எதுக்குடா வெச்சிருக்காங்க?"

"நான் நல்ல யூதனாம்," என்று சிரித்தான். "பின்கதவு வழியா விடுவியா?"

"பூட்டிக் கிடக்கு. சாவி எங்ககிட்ட இல்ல."

அவன் தன் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எஸ்ராவுக்கு இன்னிக்குக் கடைசி நாள்," என்றேன்.

"வரேன்," என்றான்.

நான் கீழே ஓடி மார்வின் பக்கத்தில் நின்றேன். வாசலுக்கு எதிரே நடைபாதையில் மேசை போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், தினமும் இருக்கும் போர் எதிர்ப்பாளர்கள்தான். ஆஷர் தலையைக் குனிந்தபடி தெருவைக் கடந்தான். படிக்கட்டுக்குப் பத்தடி இருக்கும்போது மேசையிலிருந்த பெண் எழுந்தாள்.

"ஆஷர்? நீ உள்ளயா போற?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அக்கறையாகத்தான் கேட்டாள். கையில் இருந்த போன் மட்டும் மெல்ல மேலே வந்தது.

ஆஷர் என்னைப் பார்த்தான். "இல்ல, லைப்ரரிக்கு," என்றான்.

நூலகம் எதிர்த்திசையில் இருந்தது. அவன் திரும்பி அந்தப் பக்கமே நடந்தான்.

"கூப்பிடட்டுமா கண்ணு?" என்றார் மார்வின்.

கூப்பிட்டால் அவனுக்கு அன்றிரவு படுக்க இடமிருக்காது. கூப்பிடாவிட்டால் எஸ்ராவுக்கு இன்னொரு நாள் கிடையாது. இரண்டும் நன்றாகத் தெரிந்தும் நான் வாயைத் திறக்காமல் மரமாக நின்றேன். வெட்கக்கேடு. கோபப்படலாம் என்றால், யார்மேல் படுவது என்றும் புரியவில்லை.

மாடியேறினேன். எஸ்ரா சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். பார்த்துவிட்டுத்தான் திரும்பி உட்கார்ந்தானா, கேட்க எனக்குத் தைரியமில்லை.

"ஆரம்பிக்கலாம், வெளிச்சம் போயிடும்," என்றான்.

காடிஷை விட்டுவிட்டு, தனித்தனியாக முணுமுணுக்கும் ஜெபத்தை மட்டும் சொன்னோம். முடிந்ததும் எஸ்ரா எழுந்து நின்றான். பதினோரு மாதமாகக் காடிஷ் சொல்லும் இடம் வந்ததும் எழுந்த கால்கள், தாமாகவே எழுந்துவிட்டன. பாதங்களைச் சேர்த்துவைத்து, மூச்சை இழுத்து, வாயையும் திறந்துவிட்டான். நாங்கள் எட்டுப் பேரும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டோம்.

"பரவால்ல," என்றான், நாங்கள்தான் அழப்போகிறோம் என்பதுபோல. பிறகு உட்கார்ந்தான்.