ஃபில்டர் தண்ணீர்

தாம்பரத்துப் பள்ளியில் ஐந்து பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்ததும், அறிவியல் டீச்சர் மெட்டில்டா தண்ணீர் கொடுக்கும் ஆயா கங்கம்மாவை எல்லார் முன்னாலும் திட்டினாள். "கை கழுவாம மொண்டு குடுத்தா கிருமி வராதா?" கங்கம்மா மறுநாளே வேலைக்கு வரவில்லை.

கிருமி வளர்வதை வகுப்பில் காட்ட, மெட்டில்டா இரண்டு கண்ணாடித் தட்டுகளில் கிருமி வளர்க்கும் கடற்பாசிக் கூழை ஊற்றி உறையவிட்டாள். ஒன்றில் கங்கம்மா வைத்துப்போன பானைத் தண்ணீரில் சில துளி, மற்றதில் பிள்ளைகள் குடிக்கும், தன் பொறுப்பிலிருந்த ஃபில்டர் தண்ணீரில் சில துளி விட்டாள். மூன்றாம் நாள் பானைத் தட்டில் இரண்டே புள்ளிகள். ஃபில்டர் தட்டு முழுக்க மஞ்சள் திட்டுகள். ஃபில்டரைக் கழுவி ஆறு மாதமாகியிருந்தது.

"இது எந்தத் தண்ணி, மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஏதோ குழாய்த் தண்ணி" என்று மெட்டில்டா பொய் சொன்னாள். காது மடல்கள் சுட்டன.

அன்று மாலையே கீழ்க்கட்டளையிலிருந்த கங்கம்மா வீட்டுக்குப் போய் அவளிடம் உண்மையைச் சொன்னாள்.

"நான் தெனம் காய்ச்சித்தான் டீச்சர் ஊத்துனேன். எல்லார் முன்னாடியும் திட்டுனீங்களே, இதையும் அங்கயே சொல்லுங்க."

மறுநாள் பிரேயரில், தட்டைக் கையில் பிடித்தபடி மெட்டில்டா சொன்னாள். திங்கட்கிழமை கங்கம்மா வேலைக்கு வந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்கத்தான் மெட்டில்டாவால் வெகுநாள் முடியவில்லை.