கதவுக்குத் தைத்த சாக்கு

மூன்றாவது திருகைக் கழற்றும்போது ராமசுப்புவின் கை நழுவியது. திருப்புளி தகரத்தில் உரசிக் கிறீச்சிட்டது. அடுத்த நொடி, ஓலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டில் முறுகுகிற ஓசை கேட்டது. அவன் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். அண்ணன் கோட்டைச்சாமியின் பின்மண்டையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் ஊன்றியிருக்க, உடம்பு வில்லாக வளைந்து நிற்கும். பற்கள் கிட்டித்திருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு மெல்ல இறங்கும்.

இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளமாக மதினி ஆவுடைத்தாய் தடுப்புக்கு மேலே கையை உயர்த்திக் காட்டினாள். ராமசுப்பு நான்காவது திருகில் திருப்புளியை வைத்தான்.

திருச்சுழியில் நரிக்குடி ரோட்டோரம் இருந்த அந்தக் கொட்டகையில்தான் அண்ணன் தம்பி இருவரும் மோட்டார் ரிப்பேர் பார்த்தார்கள். கொட்டகையின் பின்பாதி வீடு. ராமசுப்பு கழற்றிக்கொண்டிருந்தது அருப்புக்கோட்டை ஜின்னிங் மில் சின்ன முதலாளியின் கார். சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்டபோது எடுத்தது. தை மாசம், ராமநாதபுரத்துப் பக்கம் சும்மா கிடந்த ஏரோப்ளேன் மைதானத்தில் மோட்டார்ப் பந்தயம் நடக்கப்போவதாகவும், அதில் இந்தக் காரைத்தான் தான் ஓட்டப்போவதாகவும் சின்ன முதலாளி சொல்லியிருந்தார். எடை குறைய வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் உத்தரவு. மெத்தை, பின்சீட்டு, கதவுகளின் உட்பலகை எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். ஆனால் கதவை வெறும் எலும்பாக விட முடியாது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கம்பிகளும் பல்சக்கரமும் ஓட்டுகிறவரின் முழங்கையைக் கிழித்துவிடும். ஏதாவது போட்டு மூட வேண்டும்.

எதைப் போடுவது என்பதில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்துப் போட்டு, மேலே சாயத்துணி ஒட்டினால் பார்வையாக இருக்கும் என்றான் கோட்டைச்சாமி. மண்ணெண்ணெய் டின்னைப் பிரித்து அடிக்கலாம் என்றான் ராமசுப்பு. இரண்டிலும் ஒரே அளவுக்கு ஒரு துண்டு வெட்டி மளிகைக்கடைத் தராசில் வைத்தார்கள். தகரம் ஐந்து பலம் குறைந்தது. "பந்தயத்துக்குப் போற வண்டிக்கு அழகு என்னத்துக்குண்ணே?" என்றான் ராமசுப்பு. அண்ணன் சிரித்துவிட்டு, கத்திரியை எடுத்து டின்னை வெட்டினான். இரண்டாவது கதவுக்கு வெட்டும்போது தகரம் துள்ளி அவன் கட்டைவிரல் அடியில் இறங்கியது. மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டான். எட்டாம் நாள் ராத்திரி கம்மஞ்சோற்றை வாயில் வைக்கப் போனவனுக்குத் தாடை திறக்கவில்லை.

கம்பவுண்டர் சௌடப்பன் மறுநாள் காலையில் வந்து பார்த்தார். தடுப்புக்கு வெளியே ராமசுப்புவைத் தள்ளிக்கொண்டு வந்து, குசுகுசுவென்று பேசினார்.

"இது ரணத்துல வர்ற இசிவு. இதுக்குப் போடுற ஊசி மதுரைப் பெரியாஸ்பத்திரியிலதான் இருக்கும். இன்னைக்கே கொண்டு போயிரணும்."

"பஸ்ஸுல ஏத்தவா?"

"ஏலே, பஸ்ஸு சத்தத்துக்கு ஊர் எல்லை தாண்ட மாட்டாரு. சத்தம் ஆகாது. வெளிச்சம் ஆகாது. ஒவ்வொரு இழுப்புக்கும் மூச்சு நின்னு வருதுல்ல? ஒரு தடவை வராமலே போயிரும்."

அப்புறம் இருவரும் காரைப் பார்த்தார்கள். வேறு வண்டி கிடையாது. ராமசுப்பு கதவை லேசாக ஆட்டினான். தகரம் கடகடவென்று அதிர்ந்தது. உள்ளே கட்டில் முறுகியது.

அதனால்தான் அவன் இப்போது ஒன்பது நாளைக்கு முன்னால் அடித்த தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றினால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் கம்பிகள் குழிக்குக் குழி தாளம் போடும். மறுபடியும் மூட வேண்டும். இந்தத் தடவை எடை முக்கியமில்லை.

தேயிலைப் பெட்டிப் பலகையை வைத்து விரல்கணுவால் தட்டினான். டொக்கென்றது. பனையோலைப் பாயை வைத்து அமுக்கினான். அது கம்பியில் உரசிக் கரகரத்தது. பழைய லாரி டயரின் டியூப்பை வெட்டிப் பார்த்தான். இரண்டு கதவுக்குக் காணாது. வெறும் சாக்கு தொங்கியதே தவிர, சத்தத்தைத் தடுக்கவில்லை. மூலையில் ஓட்டுகிறவர் சீட்டுக்குத் திணிக்க மில்லிலிருந்து அனுப்பிய பஞ்சு மூட்டை கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சாக்குக்குள்ள பஞ்சைத் திணிச்சுத் தைச்சிருவோம்," என்றாள் பின்னால் வந்து நின்ற ஆவுடைத்தாய். கையில் கோணி ஊசி இருந்தது.

"ஒரு மணி நேரம் ஆகும் மதினி."

அவள் கம்பவுண்டரைப் பார்த்தாள். "இப்படியே கொண்டு போனா?"

சௌடப்பன் தடுப்புப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "ரெண்டுல எது நல்லதுன்னு என்னால சொல்ல முடியலைம்மா."

அவள் உட்கார்ந்து சாக்கை விரித்தாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆனது. அவள் தைத்தாள், அவன் பஞ்சைத் திணித்து, கதவின் ஓட்டைகளில் சணல் கோர்த்து இறுக்கினான். கதவிடுக்குகளில் டியூப் ரப்பரை வெட்டி ஒட்டினான். கூரையின் உட்பக்கத்துக்கும் ஒரு சாக்கு போனது. உள்ளே மூன்று தடவை கட்டில் முறுகியது. ஒவ்வொரு தடவையும் அவள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து அதே இடத்திலிருந்து தைத்தாள்.

உச்சிப்பொழுதில் கோட்டைச்சாமியை மெத்தையோடு தூக்கி, பின்கதவு வழியாகக் காருக்குள் கிடத்தினார்கள். ஜன்னல்களைக் கறுப்புச் சேலையால் மறைத்தார்கள். ஆவுடைத்தாய் தரையில் உட்கார்ந்து, புருஷனின் தலையை மடியில் வைத்து, இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். ராமசுப்பு காரை உடனே கிளப்பவில்லை. கம்பவுண்டரும் தெருவில் நின்ற இருவரும் அதைச் சரிவு வரைக்கும் தள்ளினார்கள். அங்கேதான் கியரைப் போட்டான். இன்ஜின் உறுமியது. உள்ளே அது தூரத்தில் யாரோ அரிசி புடைப்பதுபோலத்தான் கேட்டது.

அவன் சைக்கிள் மிதிக்கிற வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டினான். வண்டித்தடங்களில் ஒரு சக்கரத்தை மேட்டிலும் ஒரு சக்கரத்தைப் பள்ளத்திலும் விட்டுச் சாய்ந்தபடியே போனான். இருபக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. பருத்திச்செடிகள் முழங்கால் உயரம்கூட வரவில்லை. அருப்புக்கோட்டையை நெருங்கும்போது எதிரே பஸ் வந்தது. ராமசுப்பு காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓடி, ரோட்டு நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தான்.

"என்னய்யா, சாகப்போறியா?"

"ஹாரன் அடிச்சிராதீகண்ணே. உள்ள சீக்காளி கெடக்காரு. சத்தம் கேட்டா இழுத்துக்கிரும்."

டிரைவர் காரையும் அதன் கறுப்பு ஜன்னல்களையும் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். கார் கடந்து போகிற வரைக்கும் பஸ் அப்படியே நின்றது.

ஊரைத் தாண்டியதும் ஆவுடைத்தாய், "தம்பி, எங்கனயோ டிக்குடிக்குங்குது," என்றாள்.

நிறுத்தினான். கதவில் காதை வைத்தான், கூரையில் வைத்தான். நிற்கும்போது ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டினால் கேட்டது. மறுபடியும் நிறுத்தினான். மூன்றாவது தடவைதான் பிடிபட்டது: இடது கதவில், கண்ணாடியைச் சுற்றி ஏற்றும் கைப்பிடி லேசாக ஆடியது. அவள் ஒரு கையால் புருஷனின் காதைப் பொத்தியபடி, முந்தானை ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து நீட்டினாள். அவன் அதைக் கைப்பிடியில் சுற்றி இறுக்கினான். அதற்குப் பிறகு சத்தம் எதுவும் இல்லை.

காரியாபட்டி போய்விட்டது. வெயில் சாய்ந்தது. இத்தனை தூரத்தில் இரண்டே தடவைதான் இழுப்பு வந்தது. இப்படியே போனால் விளக்கு வைக்க மதுரை போய்விடலாம் என்று ராமசுப்பு கணக்குப் போட்டான். ஒரு கண்மாய்க்கரை மேடு வந்தது. அதில் ஏறி, முட்டை கொண்டுபோகிறவனைப்போலப் பதனமாக இறங்கினான்.

"தம்பி," என்றாள் ஆவுடைத்தாய். "இனிமே மெதுவாப் போக வேண்டாம்."

சரி, அண்ணனுக்குக் கொஞ்சம் தேவலையாகியிருக்கிறது என்றுதான் அவன் நினைத்தான். காலை அழுத்தினான். வண்டி வேகம் எடுத்தது. ஒரு பர்லாங், இரண்டு பர்லாங். ஒரு பள்ளத்தில் சக்கரம் தடாலென்று விழுந்து எழுந்தது. பின்னால் எந்த அசைவும் இல்லை.

அவன் வண்டியை நிறுத்தினான்.

நெடுநேரம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தான். உடைமரத்தடியில் ஒருவர் வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். ஒரு குட்டி நின்று காரைப் பார்த்துவிட்டுப் போனது.

"எப்ப மதினி?"

"ரெண்டாவது இழுப்பு வந்துச்சுல்ல. அதுல போன மூச்சு திரும்பல. வருமோன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தகரத்தப் போடுவோம்னு சொன்னது நான்தான். அண்ணன் பலகைன்னுதான் சொல்லுச்சு."

"தெரியும். அன்னைக்கே அவுக சொன்னாக."

"என்ன சொன்னாரு?"

"தம்பி சொல்றதுதான் சரி, பலகை கனம்னு சொன்னாக."

கொஞ்ச நேரம் கழித்து, "வண்டியத் திருப்புங்க தம்பி. ராவாகிப் போகும்," என்றாள்.

திரும்பும் வழியில் அவன் எப்போது மறுபடியும் மெதுவாக ஓட்டத் தொடங்கினான் என்பது அவனுக்கே தெரியாது. அருப்புக்கோட்டையில் ஒரு டீக்கடைக்கு முன்னால் ஆட்கள் நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கார் கடந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. ஜன்னலை மறைத்திருந்த சேலையை அவிழ்க்கலாமா என்று ஆவுடைத்தாயைக் கேட்டான். அவள் சேலையின் ஓரத்தை இன்னும் இழுத்துச் செருகினாள்.

திருச்சுழிக்குள் நுழையும்போது நன்றாக இருட்டியிருந்தது. மதுரை போன வண்டி அன்றைக்கே திரும்பியதைப் பார்த்ததும் தெருவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கொட்டகை வாசலில் பெண்கள் கூடினார்கள். சௌடப்பன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அந்தக் கூட்டத்தில் மூத்தவளான முத்துத்தாய் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, நெஞ்சில் அடிக்கக் கையை ஓங்கி, வாயைத் திறந்தாள்.

கார் நின்றதும் ஆவுடைத்தாய் முன்கதவு வழியாக முதலில் இறங்கினாள். இறங்கிய வேகத்தில் அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"சத்தம் போடாதீக."

முத்துத்தாயின் கை அந்தரத்தில் நின்றது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உயிர் இருக்கிறதோ என்று இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சொன்ன பிறகு ஆவுடைத்தாயும் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைக் கீழே இறக்கவில்லை. வாசலில் ஒரு சத்தமும் இல்லை.

ராமசுப்பு சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தான். பின்கதவின் கொக்கி துள்ளாதபடி கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லத் திறந்தான்.