மஞ்சள் கரிசலாங்கண்ணி

திருச்செல்வத்தின் கண்கள் மஞ்சளாகியிருந்ததை முதலில் கவனித்தது அவர் மனைவி யோகேஸ்வரிதான். இரவு வேலை முடிந்து பாசிர் கூடாங் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து காலையில் இறங்கி வந்தவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"என்னங்க, கண்ணு ஏன் இப்படி இருக்கு? கிளினிக் போலாம்."

"தூக்கம் இல்லாததுலா. விடு."

அவருடைய அண்ணன் காமாலையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாதவர். அந்தப் பேச்சை எடுத்தாலே இவர் எழுந்து போய்விடுவார். யோகேஸ்வரி இரண்டு நாள் கெஞ்சினாள். மூன்றாம் நாள் ரெங்கம் ஊரில் இருக்கும் தன் அக்கா கிருஷ்ணம்மாவுக்குப் போன் செய்தாள்.

"மஞ்ச கரிசலாங்கண்ணிய அரைச்சு மோர்ல குடு. எங்க மாமனாருக்கு அதுலதான் எறங்குச்சு."

"அது எப்படிக்கா இருக்கும்?"

"தரையோட படரும். சின்ன சூரியகாந்தி மாதிரி மஞ்சப் பூ."

அப்படி ஒரு கொடி அவர்கள் அடுக்குமாடிக்குக் கீழே கால்வாய் ஓரம் முழுக்கப் பூத்துக் கிடந்தது. படம் எடுத்து அனுப்பினாள். "அதேதான்" என்று பதில் வந்தது.

ஆஸ்பத்திரி இல்லை என்றதும் திருச்செல்வம் முகம் சுளிக்காமல் குடித்தார். ஐந்தாம் நாள், காமாலையோடு வந்த உடம்பு அரிப்பு குறைந்தது போலிருக்கிறது என்றார். அன்று இருவரும் சிரித்துப் பேசினார்கள். பத்தாம் நாள் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை.

"போலாம் யோகா," என்று அவரே சொன்னார்.

என்ன கொடுத்தீர்கள் என்று ஆஸ்பத்திரி வார்டில் கேட்டார்கள். கொடியைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினாள். மருந்தகத்திலிருந்து வந்த தஸ்லிமா அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது அது இல்ல. பேரு ஒண்ணா சொல்றாங்க, பூவும் அதே மாதிரிதான். இது அழகுக்கு நட்ட கொடி. கால்வாய் ஓரம் களை மருந்து வேற அடிப்பாங்க."

"அப்போ என்னாலதான் இப்படி ஆச்சா?"

தஸ்லிமா கொடியை மறுபடி பையில் போட்டாள். "தெரியலக்கா."

கணையத்தில் கட்டி, அது பித்தக்குழாயை அடைத்துவிட்டது என்றார் டாக்டர்.

"பத்து நாளைக்கு முன்னாடியே வந்திருந்தா?"

"கட்டி பல மாசமா இருந்திருக்கும்மா. வந்திருந்தாலும்..." அவர் ரிப்போர்ட்டை மூடினார். தன்னை ஒருவராவது திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது யோகேஸ்வரிக்கு.

அடைப்பில் சின்னக் குழாய் வைத்தார்கள். மஞ்சள் கொஞ்சம் இறங்கியது.

"பாத்தியா? கரிசலாங்கண்ணி வேலை செய்யுது. நிறுத்திடாத," என்றாள் கிருஷ்ணம்மா போனில்.

படத்தைப் பார்த்து 'அதேதான்' என்று சொன்ன அக்காவிடம் எதைச் சொல்வது? "குடுக்குறேன்கா," என்றாள் யோகேஸ்வரி.

திருச்செல்வமும் ஒருநாள் கேட்டார். "அந்தச் சாறு கொண்டாயேன். அது குடிச்சப்பதான் நல்லாருந்தேன்."

"டாக்டர் வேணாங்கறாரு," என்று மட்டும் சொல்லி அவர் போர்வையை இழுத்துவிட்டாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஏழாவது வாரம் அவர் போய்விட்டார்.

சாவு வீட்டில் கிருஷ்ணம்மா தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இன்னும் ஒரு மாசம் முன்னாடியே எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? காப்பாத்தியிருக்கலாமே!"

அந்தக் கொடியைப் பற்றிச் சொல்ல யோகேஸ்வரி வாயைத் திறந்தாள். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அக்காவின் கையை விலக்கிவிட்டு எழுந்து போனாள்.