அறுபத்தொன்றாவது ஆணி

பன்னிரண்டாவது கோட்டில் நூல், தொடங்கிய ஆணிக்கே திரும்பியிருக்க வேண்டும். ஐந்து ஆணி தள்ளி நின்றது.

நூலை விரலில் இறுக்கிப் பிடித்தபடி அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரை. நான்கு மணிக்கு அண்ணி வந்துவிடுவாள்.

அண்ணியின் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு கப்பல் தொங்கியது. கறுப்பு வெல்வெட் ஒட்டிய பலகையில் ஆணி அடித்து, ஜரிகை நூலை இழுத்துக் கட்டிய பாய்மரக் கப்பல். கல்யாணத்துக்கு முன்பு, அது தன் வீடாக இருந்தபோது, இவள் செய்தது. போன மாதம் சுவருக்கு வெள்ளை அடிக்க இறக்கினார்கள். திரும்ப ஏறவில்லை.

"இத்தனை வருஷமா நின்ன எடத்துலயே நிக்குது, கரை சேந்த பாடில்ல" என்றாள் அண்ணி. "புதுச் சுவத்துக்கு ஏத்த மாதிரி வேற ஒண்ணு பண்ணித் தாயேன். மினுக்கல் வேணாம். ஒரே கலர். சனிக்கிழமைக்குள்ள வரலன்னா கடையில ஒரு படம் வாங்கி மாட்டிடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பிறந்த வீட்டில் தன் கை பட்டது என்று மிச்சமிருந்தது அந்த ஒரு சுவர்தான்.

வெல்வெட்டை விட்டாள். ஜரிகையை விட்டாள். வெறும் மரப்பலகை, அதில் ஒரு வட்டம், அறுபது ஆணி. இருபத்தைந்து ஆணிக்கு ஒரு தரம் நூலை மாட்டினால் பன்னிரண்டு கோட்டில் ஒரு நட்சத்திரம் மூடிக்கொள்ளும். அப்படி ஐந்து நட்சத்திரம், ஐந்து நிறம். ஒரே நிறம் என்று அண்ணி சொன்னது காதில் விழாமல் இல்லை. மினுக்கலை விட்டதே பெரிது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆணிகளை எண்ணினாள். அறுபத்தொன்று. இன்னொரு தரம் எண்ணினாள். அறுபத்தொன்றுதான்.

ஆணி அடித்தது கணவர். தையற்காரர், முன்னறைதான் கடை.

"என்னங்க, சுத்தளவு எவ்வளவு வச்சீங்க?"

"நீ சொன்னதுதான். அறுபது இன்ச், இன்ச்சுக்கு ஒரு ஆணி." தையல் மிஷின் நின்றது. "லூசுக்கு ஒரு இன்ச் விட்டேன்."

"பலகைக்கு எதுக்குங்க லூசு? தின்னுட்டுப் பெருத்துடப் போகுதா?"

கழுத்தில் டேப்போடு வந்து நின்றார். சட்டை கெட்டுப்போனால் நிற்பது போல நின்றார்.

"ஒண்ணப் பிடுங்கிடவா?"

"பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும். போங்க, போய்த் தைங்க."

அவர் போகவில்லை. அவளும் நூலை அறுக்கவில்லை. யோசித்துக்கொண்டே இருபத்தைந்து எண்ணி அடுத்த ஆணியில் மாட்டினாள். பிறகு அதற்கடுத்தது. நட்சத்திரம் மூடவே இல்லை. ஆனால் மாட்டிய ஆணிக்கே நூல் திரும்பவும் வரவில்லை. ஒவ்வொரு தரமும் காலி ஆணியாகப் பார்த்துப் போனது. வாய் எண்ணுவதை நிறுத்தியது. கை எண்ணிக்கொண்டது. கடைசிக் காலி ஆணியிலிருந்து இருபத்தைந்து தள்ளிப் போனபோது, தொடங்கிய ஆணி அங்கே இருந்தது.

நடுவில் ஒரு சின்ன வட்டம், யாரும் வரையாதது, வெறும் மரமாகத் தெரிந்தது. மற்ற நான்கு நூல்கண்டுகளும் காகிதம் பிரிக்காமல் டப்பாவில் கிடந்தன. இனி எதற்கும் அங்கே இடம் இல்லை. கருநீலம் மட்டும்.

"அட" என்றார் தையற்காரர்.

அண்ணி நான்கு மணிக்கு முன்பே வந்தாள். செருப்பைக் கழற்றியதும் பலகை முன் நின்றாள். ஒரு கோட்டைக் கண்ணால் பிடித்து, அது போகும் வழியெல்லாம் பின்தொடர்ந்தாள்.

"முடிச்சு எங்க இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதான். கண்டுபிடிங்க பாப்போம்."

அண்ணி குனிந்து விளிம்போடு விரலை ஓட்டினாள். ஒரு சுற்று. பாதியில் நிறுத்தி, இடது கையால் கைப்பையைத் துழாவி, ஒரு பழைய ஆணியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஆணியின் தலையில் பழைய சுவரின் பச்சை ஒட்டியிருந்தது.

"கப்பல் தொங்குன ஆணி. பெயிண்டர் பிடுங்கிப் போட்டாரு. தூக்கி எறிய மனசு வரல." விரல் மறுபடி நகர்ந்தது. "அண்ணே, நீங்களே வந்து அடிச்சுக் குடுங்க."

"எவ்வளவு உயரத்துலம்மா?" அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவினார்.

"ஐயோ, அந்த டேப்பை மட்டும் எடுத்துட்டு வராதீங்க" என்றாள் அவள்.

அண்ணியின் விரல் இரண்டாவது சுற்றில் இருந்தது.