மாடிமேல் பாஷாணம்

நான் நாகர்கோவிலில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுத் தில்லைநாயகம் அண்ணாச்சி என் நாவல் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார். சாமானிய மரமா அது? உச்சியில் ஏறினால் திருச்செந்தூர் கோபுரமும், கண் நன்றாக இருந்தால் இலங்கையும் தெரியும். கிளையை மட்டும்தான் கழிக்கச் சொன்னாராம், வந்த ஆள் தவறிப்போய் அடியில் வெட்டிவிட்டானாம்.

உண்மைக் காரணம் அவர் மாடியில் இருந்தது. அண்ணாச்சி விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அங்கே இங்கே பிடித்து, கதவு அகலத்துக்கு ஒரு சூரியத் தகடு வாங்கி மாட்டியிருந்தார். ஊரார் வீடுகளில் இருக்கும் சிலிக்கான் இல்லை. செயற்கைக்கோளில் போகிற கேலியம் ஆர்சனைடு. அதே வெயிலில் கூடுதல் மின்சாரம் கறக்கும். ஒரு வருஷம் அளந்து கட்டுரை எழுதப்போகிறார். உள்ளே வில்லைகளை வரிசையாகக் கோத்திருப்பதால், ஒரு வில்லையில் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் படுத்துவிடுமாம். அதனால் என் மரத்தைப் படுக்க வைத்துவிட்டார்.

அந்தத் தகட்டை அவர் கையாலேயே கழற்ற வைப்பது என்று அன்றைக்கே முடிவுசெய்தேன்.

பாளையங்கோட்டைப் பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வேதியியல் நடத்திய ஜெபராணி டீச்சர் நான். பொய் சொல்வேனா? மாடியில் இருப்பதில் ஆர்சனிக் இருக்கிறது, வைத்தியர்கள் பாஷாணம் என்பார்களே அந்த வகை என்று பால்கார இசக்கிதுரையிடம் சொன்னேன். கண்ணாடிக்குள் அடைத்திருப்பதால் வெளியே ஒன்றும் வராது என்பதைச் சொல்ல மறந்துவிட்டது. வயசாகிறதல்லவா.

இனி அவர் வாசலில் காக்கைகூட உட்காராது என்று நினைத்தேன். ஊர் என்னைவிடக் கெட்டிக்கார ஊர். என் ஒரு பாஷாணத்தோடு மற்ற எட்டையும் தானே சேர்த்து நவபாஷாணம் ஆக்கிவிட்டது. சித்தர் மருந்து, அது பட்ட தண்ணீரைக் குடித்தால் மூட்டுவலி பறந்துவிடுமாம்.

தூசி போக அண்ணாச்சி காலையில் தகட்டைக் கழுவுவார். அந்தத் தண்ணீர் மாடிக் குழாய் வழியே தெருவில் விழும். முதலில் நாலைந்து பாட்டில்கள் வந்தன. பிறகு வரிசை முருகன்குறிச்சியைத் தாண்டியது. அம்பாசமுத்திரம் பஸ்ஸில் எங்கள் தெருவுக்கென்று தனி டிக்கெட் கிழித்தார்கள். கடைசியில் மாடிக்கே ஏறி, தகட்டுக்கு மஞ்சள் பூசி, செவ்வந்தி மாலை சாத்தினார்கள். மாலையின் நிழலில் மின்சாரம் படுத்தது. நான் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, முறுக்கு தின்றுகொண்டே பார்த்தேன். என் ரத்தக்கொதிப்பு தானாகவே இறங்கியது.

ஒருநாள் அண்ணாச்சி வந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

“டீச்சர், நீங்க சொன்னா கேப்பாவ. வெறும் கண்ணாடி கழுவுன தண்ணின்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

“மொதல்ல தகட்டக் கழட்டுங்க. சொல்லுதேன்.”

“ராக்கெட்டுல போற சாமான் டீச்சர் அது. அளவு எடுத்து இன்னும் முடியல.”

“என் மரமும்தான் காய்ச்சு முடியல அண்ணாச்சி.”

எழுந்து போனார். மறுநாள் காலை, ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். தகட்டைப் போர்வையில் பொதிந்து மாடியிலிருந்து இறக்கினார். பாவமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை.

சொன்ன வாக்கை நானும் காப்பாற்றினேன். வாசலில் நின்று ஆர்சனிக், கண்ணாடி, தண்ணீர் என்று முழுப் பாடமே நடத்தினேன். என் பழைய மாணவி செல்லக்கிளி குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டாள்: “ஒண்ணுமில்லாததையா டீச்சர் அவிய போர்வைக்குள்ள பொதிஞ்சு கொண்டு போறாவ?”

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. ஆளுக்கொரு சில்லு உடைத்துக் கொடுத்தால் போதுமென்று கெஞ்சினார்கள், பிறகு அதட்டினார்கள். அவர் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தகட்டை நெஞ்சோடு அணைத்தபடி ஆட்டோவில் ஏறினார். மதுரையில் மகன் வீடு இருக்கிறது. குடங்கள் பின்னாலேயே ஓடின.

மரம் நின்ற இடத்தில் நின்று கையசைத்தேன். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டோ முனை திரும்பி மறையும்வரை கையை இறக்கவில்லை.