தூரத்துச் சத்தம்

கிடாரும் கையுமாக வந்த இளைஞன் இளம்பரிதி மைக்செட் கடை மேசையில் அந்தத் தகரப் பெட்டியை வைத்ததும், கடைக்காரன் அந்தோணி பிரகாஷ் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தான்.

"பெங்களூரு பழைய சாமான் சந்தையில கிடைச்சுதுங்கண்ணா. அடியில உங்க ஸ்டிக்கர், அரூருன்னு போட்டிருந்துச்சு. பஸ் ஏறிட்டேன். கிடாரோட சேர்த்து வெச்சு மிதிச்சா சத்தம் மாறணும். இதுல சத்தமே வரலீங்க. யாரு செஞ்சது?"

"நான்தான்."

செய்து பதினாறு வருடம் ஆகிறது. ஆக்சிலியாவுக்காகச் செய்தது. மாதா கோயில் பாட்டுக்குழுவில் கிடார் வாசித்தவள் அவள். தீர்த்தமலைத் திருவிழாவுக்கு அவன் ஹாரன் ஸ்பீக்கர் கட்டிய மறுநாள், நேராகக் கடைக்கு வந்து வம்புக்கு இழுத்தாள்.

"பக்கத்துல நின்னா உன் ஹாரன் காதைக் கிழிக்குது பிரகாஷு. ஆனா எங்க வூட்டுக் கொல்லையில இருந்து கேட்டா, யாரோ நம்மளக் கூப்பிடற மாதிரி இருக்கு. அந்தச் சத்தம் என் கிடார்ல வரணும். முடியுமா, இல்ல சீரியல் பல்பு மாட்ட மட்டுந்தான் தெரியுமா?"

பழைய ஆம்ப்ளிஃபயர்களின் உதிரிகளை வைத்து மூன்று மாதம் மல்லாடினான். அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போன அன்று பஸ் ஜன்னல் வழியாகப் பெட்டியை நீட்டினான்.

"வாசிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

சொல்லவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து, ரிப்பேருக்கு வந்த கம்பெனிப் பெட்டி ஒன்றைப் பார்த்துத்தான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் கிடார் ஒயரை வலப்பக்கம் செருக வேண்டும். அவனோ மைக்செட் பழக்கத்தில் இடப்பக்கம் வைத்துவிட்டான். மாற்றிச் செருகினால் சத்தமே வராது; அடையாளம்கூட அவன் எழுதவில்லை. ஊமைப் பெட்டியைக் கொடுத்து ஏமாற்றினான் என்றுதானே நினைத்திருப்பாள்? வெட்கத்தில் அவனும் போன் செய்யவில்லை.

"ஒயரை மாத்திச் செருகு தம்பி. பேட்டரியும் செத்திருக்கும்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். திருகாணியில் வைத்தவன் குனிந்து உற்றுப் பார்த்தான்.

பெட்டியை மூடியதும் ஒவ்வொரு திருகாணி மேலும் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பது அவன் வழக்கம். வேறு யாராவது திறந்தால் தெரிந்துவிடும். 'பேட்டரி மாத்தினா மறுபடி பொட்டு வெச்சிடு' என்று அவளிடமும் சொல்லியிருந்தான்.

அடியில் அவன் வைத்த சிவப்பு. அதன் மேல் ரோஸ். அதற்கும் மேல் ஊதா, பிரவுன், நீலம். விளிம்பைச் சுற்றி வளையம் வளையமாக, அவன் சிவப்பு போக ஏழு நிறங்கள்.

ஊமைப் பெட்டிக்கு ஏழு முறை யார் பேட்டரி மாற்றுவார்கள்?

"யாரு வித்தாங்கன்னு கேட்டியா தம்பி?"

"மூட்டையோட வந்துச்சாம். கடைக்காரருக்கே தெரியலீங்க."

புது பேட்டரி போட்டான். இளம்பரிதி கிடாரை மீட்டி, பெட்டியை மிதித்தான். மலைக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் கடை நிறைந்தது.

"அண்ணா! சூப்பருங்க! நெட்ல போடப் போறேன். உங்க முழுப் பேரு என்னங்க?"

"என் பேரு எதுக்கு? பெட்டி பேரு ஆக்சிலியான்னு போடு. அரூருன்னும் போடு. பார்க்க வேண்டியவங்க பார்ப்பாங்க."

பெட்டியை மூடி, மூன்று திருகாணிகளில் சிவப்புப் பொட்டு வைத்தான். பாட்டிலைத் திருகி மூடினான்.

"ஒண்ணை விட்டுட்டீங்களேண்ணா?"

"அது அவங்க வைக்கட்டும்."